இன்சுலேஷன் டேப்பும் ஏழு வயசுப் பிள்ளையும்

இந்தப் பதிவு கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் "என்னங்க இப்படிப் போட்டுத் தாக்கறீங்க" என்று யாரும் வருத்தப்படக் கூடாது.

புனேயில் இருக்கிற நம் குடும்பங்களுக்கு மூணு நாள் லீவு சேர்ந்து கிடைத்தால் ஊருக்குப் போக முடியாது. ரயில் டிக்கெட் கிடைக்காது. கிடைத்தாலும் போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் மாமியார் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு. ஆகவே லோனாவாலா, கோலாட், அலிபாக். டெல்லிக்காரர்களுக்கு மணாலி, சோலாங். மற்ற ஊர்க்காரர்களுக்கு வேறு பெயர்கள். எங்கே போனாலும் ஒரு காட்சி மட்டும் பொது. ஒரு காலி மைதானம், பழைய டயர்களை அடுக்கிப் பிரித்த ஒரு பாதை, தடித்தடியாய் நாலு சக்கரமும் பைக் மாதிரி ஹேண்டிலும் வைத்த ஏடிவி வண்டிகள் வரிசையாக. பிள்ளைகள் பார்த்ததும் அடம். அப்பா பர்ஸை எடுப்பார். அம்மா மொபைலை எடுப்பார். ராத்திரி குரூப்பில் ஃபோட்டோ வந்துவிடும், "எங்க வீட்டு சிங்கக்குட்டி" என்று.

அந்த ஃபோட்டோவில் எல்லாரும் பிள்ளையின் சிரிப்பைப் பார்க்கிறார்கள். நான் ஹேண்டிலுக்குக் கீழே தொங்குகிற ஒயரைப் பார்க்கிறேன். என் ஆணி அப்படி. வண்டிகளுக்கு ஒயரிங் ஹார்னஸ் செய்கிற தொழிலில் சாக்கன் பக்கம் பதினாறு வருஷமாகப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். எதைப் பார்த்தாலும் ஒயர்தான் கண்ணில் படும். தங்கமணி சொல்வது போல, கல்யாண வீட்டுக்குப் போனாலும் மணமேடை சீரியல் லைட்டின் ஜாயிண்டைப் பார்க்கிற ஆள் :-)

விஷயத்துக்கு வருகிறேன். எஞ்சினைச் சுற்றி ஒயர் அலங்கோலமாகக் கிடக்கிற வண்டியில் உங்கள் பிள்ளையை ஏற்றாதீர்கள். அது அழகுப் பிரச்சினை இல்லை. அந்த அலங்கோலம்தான் பல வண்டிகளில் எஞ்சினை நிறுத்துகிற வழியையே அடைத்து வைத்திருக்கிறது. "வண்டி ஓடுதுல்ல, அப்புறம் என்ன?" என்பதுதான் இதில் இருப்பதிலேயே மோசமான வாதம். ஓடுவது பிரச்சினை இல்லை சார். நிற்க வேண்டிய நேரத்தில் நிற்குமா என்பதுதான் கேள்வி.

கொஞ்சம் எலெக்ட்ரிகல் பாடம். போரடிக்காமல் முடித்துவிடுகிறேன்.

வீட்டில் ஃபேன் ஒயர் அறுந்தால் ஃபேன் நின்றுவிடும். மிக்ஸி ஒயர் அறுந்தால் சட்னி கிடையாது. நம் மூளை இப்படியே பழகிவிட்டது. ஒயர் கெட்டால் சாதனம் ஓடாது, ஓடுகிறது என்றால் ஒயர் நன்றாக இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்கிறோம்.

வாடகைக்கு விடுகிற சின்ன ஏடிவிகளில் இந்தக் கணக்கு தலைகீழ். இவற்றில் நிறைய வண்டிகளில் இருப்பது கார்புரேட்டர் வைத்த சின்ன எஞ்சின், 110 சிசி, 125 சிசி மாதிரி. ஸ்பார்க் கொடுக்கிற வேலையைச் செய்வது சிடிஐ என்கிற சின்னக் கறுப்புப் பெட்டி. பல வண்டிகளில் அந்தப் பெட்டிக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. எஞ்சின் சுற்றும்போது அதற்குள் இருக்கிற காயிலிலேயே உண்டாகிறது. ஓடுகிற வண்டியில் பேட்டரியைக் கழற்றிக் கீழே வைத்தாலும் எஞ்சின் பாட்டுக்கு ஓடும்.

அப்படியானால் அதை நிறுத்துவது எப்படி? சிடிஐயிலிருந்து தனியாக ஒரு ஒயர் வெளியே வருகிறது. சீனத்து வண்டிகளில் பெரும்பாலும் கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர். அதைக் கொண்டுபோய் சேசிஸில் தொடவைத்தால், அதாவது எர்த் செய்தால், ஸ்பார்க் நின்று எஞ்சின் அணையும். ஹேண்டிலில் இருக்கிற சிவப்பு பட்டன் செய்வது இதைத்தான். சாவியைத் திருப்பினால் நடப்பதும் இதுதான். சின்னப் பிள்ளைகள் வண்டியின் பின்னால் ஒரு கயிறு தொங்குமே, பெரியவர் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வருவதற்கு, அதை இழுத்தால் நடப்பதும் இதேதான். மூன்று வழி, ஆனால் ஒரே ஒயர்.

அந்த ஒரு ஒயர் அறுந்துவிட்டால்? எஞ்சின் நிற்காது. பட்டனை அமுக்கலாம், சாவியைத் திருப்பலாம், கயிற்றைப் பிய்த்துக்கொண்டு வரலாம். அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். சிவப்பு பட்டனிலிருந்து சேசிஸுக்குப் போகிற எர்த் ஒயர் துருப்பிடித்து விட்டுப்போனாலும் கதை அதேதான். (பெரிய, இன்ஜெக்‌ஷன் வைத்த வண்டிகளில் இது வேறு மாதிரி. அங்கே சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கும், ஒயர் அறுந்தால் எஞ்சின் நின்றுவிடும். நான் பேசுவது நம் பிள்ளைகளை ஏற்றுகிற குட்டி வண்டிகளைப் பற்றி.)

இதில் வயிற்றைக் கலக்குகிற விஷயம், அறுந்தது யாருக்கும் தெரியாது என்பதுதான். வண்டி ஸ்டார்ட் ஆகும், லைட் எரியும், ஹாரன் அடிக்கும். நிறுத்த வேண்டிய கணம் வருகிறவரை எந்தக் குறையும் தெரியாது.

அந்தக் கணம் எப்படி வரும்? ஏடிவியில் ஆக்ஸிலேட்டர் பைக் மாதிரி முறுக்குவதில்லை, கட்டைவிரலால் அமுக்குவது. பயந்துபோன பிள்ளை கையை விடாது, இன்னும் இறுக்கிப் பிடிக்கும். இறுக்கிப் பிடித்தால் கட்டைவிரலும் சேர்ந்து அமுங்கும். வண்டி இன்னும் வேகமாகப் போகும், பிள்ளை இன்னும் இறுக்கும். அல்லது ஆக்ஸிலேட்டர் கேபிளுக்குள் சேறு போய் அது திரும்பி வராமல் சிக்கிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் மருந்து கூட ஓடி வருகிற பெரியவர் கையில் இருக்கிற கயிறு. கயிறு இருக்கிறது, ஒயர் இல்லை என்றால், அது வால். வேறொன்றுமில்லை.

சரி, அந்த ஒயர் ஏன் போகிறது? இங்கேதான் என் தொழிலும் இந்தப் பதிவின் கோபமும் சேருகிற இடம்.

ஏடிவி மாதிரி ஒயரைப் படுத்துகிற வண்டி வேறு கிடையாது. ஒரு சிலிண்டர் எஞ்சின், அதிர்வு ஓயாது. பக்கத்திலேயே சைலன்சர் பைப், கை வைத்தால் தோல் உரிந்து வரும். வீட்டு ஒயரில் இருக்கிற சாதாரண பிவிசி உறை 70 டிகிரிக்கானது. வண்டிக்கென்று செய்கிற பிவிசி 105 டிகிரி வரை தாங்கும். இன்னும் சூடான இடங்களுக்கு 125 டிகிரி தாங்குகிற வேறு உறை உண்டு. அறுந்த இடத்தில் ஹார்டுவேர் கடையில் வாங்கிய வீட்டு ஒயரை ஒட்டுப்போட்டு சைலன்சர் பக்கமாக விட்டால் என்ன ஆகும்? உறை இளகும், உருகும், செம்பு வெளியே தெரியும்.

ஹேண்டில் பக்கம் வேறு கதை. இடம் வலம் திருப்பும்போதெல்லாம் அங்கே போகிற ஒயர் கட்டு மடங்கி நிமிர்கிறது. கொஞ்சம் தொய்வு விட்டுக் கட்டியிருந்தால் வருஷக்கணக்கில் தாங்கும். விறைப்பாகக் கட்டியிருந்தால் உள்ளே இழை இழையாக அறும், வெளியே உறை முழுசாக இருக்கும். ஹேண்டிலுக்கும் சேசிஸுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் நசுங்கும்.

அப்புறம் தண்ணீர். லோனாவாலா பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை பெய்வதில்லை, கொட்டுகிறது. சாயங்காலம் வண்டியைச் சுத்தம் செய்கிறேன் என்று பிரஷர் பம்பை எடுத்து கனெக்டர் வாயிலேயே அடிப்பார்கள். கடற்கரை என்றால் உப்புக் காற்று. செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு பிடித்து உறைக்குள்ளேயே ஏறிக்கொண்டு போகும். நம் பாட்டி பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தது எதற்காக? அதே களிம்புதான். ஒயருக்குள் கையை விட்டுப் புளி போட்டுத் தேய்க்க முடியாது.

இப்போது முக்கியமான இடம். உறை தேய்ந்து வெளியே தெரிகிற அந்தக் கறுப்பு வெள்ளை ஒயர் ஒரு நாள் சேசிஸில் உரசும். உரசினால் எர்த். எர்த் ஆனால் எஞ்சின் அணையும். சீசன் நேரம், வரிசையில் பத்துப் பேர், வண்டி நடுப்பாதையில் நின்று நின்று போகிறது. பார்த்துக்கொள்கிற பையன் என்ன செய்வான்? ஹார்னஸை இறக்கி, உரசுகிற இடத்தைத் தேடி, உறை போட்டு, திரும்பக் கட்டுவானா? அரை நாள் வேலை. அந்த ஒயரை சிடிஐ பக்கமே பிடுங்கிவிட்டால்? அரை நிமிஷம். வண்டி அதற்கப்புறம் நிற்கவே நிற்காது. முதலாளிக்கு சந்தோஷம், வாடிக்கையாளருக்கு சந்தோஷம்.

ஒழுங்காக உறை போட்டுக் கட்டாத ஒயர் உரசும், உரசினால் வண்டி நிற்கும், நின்றால் பாதுகாப்பு ஒயரைப் பிடுங்குவார்கள். அதற்கப்புறம் உங்கள் பிள்ளை ஏறும். ஆகவே, "என்னங்க, ஒயர் கொஞ்சம் நீட்டா இல்லைன்னா குடியா முழுகிடும்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முழுகலாம்.

இது நானாகக் கட்டிய கற்பனை இல்லை. போன வருஷம் மழை முடிந்த பிறகு அலிபாக் பக்கம் ஒரு கடற்கரைக்கு நாலு குடும்பம் போயிருந்தோம். (யார் கடை, எந்தக் கடற்கரை என்றெல்லாம் கேட்காதீர்கள். ஒரு ஆளைத் தூக்கில் போடுவது நோக்கமில்லை.) நண்பர் ஒருவர் தன் ஏழு வயசு மகளுக்குக் காசு கட்டிவிட்டார். நான் அந்தப் பையனிடம், எஞ்சின் ஓடும்போது அந்த சிவப்பு பட்டனை அமுக்கிக் காட்டு என்றேன். அமுக்கினான். எஞ்சின் ஓடியது. கயிற்றை இழுக்கச் சொன்னேன். மூடி கழன்று அவன் கையோடு வந்தது. எஞ்சின் ஓடியது. அவன் சிரித்துக்கொண்டே சோக்கை இழுத்து அணைத்தான். "காஹி ஹோத் நாஹி காகா" என்றான். ஒன்றும் ஆகாது சித்தப்பா என்கிறான்!

சீட்டைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். உள்ளே இடியாப்பம். கறுப்பு டேப், சிவப்பு டேப், பச்சை டேப், முறுக்கிவிட்ட ஜாயிண்டுகள், டேப்பின் பசை வெயிலில் இளகி வழிந்து மணலைப் பிடித்து வைத்திருந்தது. அந்தக் கறுப்பு வெள்ளை ஒயர் முனை வெறுமனே தொங்கியது. ஏன் என்று கேட்டேன். மழைக்காலத்தில் வண்டி அடிக்கடி நின்றது, அதனால் மெக்கானிக் எடுத்துவிட்டார் என்று வெள்ளந்தியாகச் சொன்னான். பொய் சொல்லவில்லை பாருங்கள். அவனுக்கு அது ஒரு ரிப்பேர். முடித்துக் கொடுத்த ரிப்பேர்.

நண்பர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, மூணு ரவுண்டுதான், விடுங்கண்ணே, பிள்ளை அழுவுது" என்றார். விடவில்லை. இருந்த ஆறு வண்டியையும் ஒவ்வொன்றாக ஸ்டார்ட் செய்து பட்டனை அமுக்கச் சொன்னேன். இரண்டு நின்றது, நாலு நிற்கவில்லை. நின்றவற்றில் சின்னதாக இருந்த ஒன்றில் அந்தப் பெண் ஏறி, அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓட, மூன்று ரவுண்டு போய் சந்தோஷமாக இறங்கியது. மொத்தம் பத்து நிமிஷம் தாமதம். அவ்வளவுதான். மிச்ச நாலு வண்டியில், நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மற்றக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை ஏற்றின. எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

சரி, எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லாமல் குறை மட்டும் சொன்னால் தப்பு. ஒழுங்கான ஒயரிங் என்பது ராக்கெட் விஞ்ஞானமில்லை.

முதலில் பாதை. ஒயர் கட்டு சைலன்சரைத் தள்ளி, செயினைத் தள்ளி, ஷாக் அப்சார்பர் மேலும் கீழும் போகிற இடத்தைத் தள்ளிப் போக வேண்டும். தகட்டில் துளையிட்டு ஒயரை விட்டால் துளைக்கு ரப்பர் வளையம் கட்டாயம், இல்லாவிட்டால் தகட்டு விளிம்பு அரிவாள்மணைதான். பிரேக் கேபிளோடும் ஆக்ஸிலேட்டர் கேபிளோடும் ஒயரைச் சேர்த்துக் கட்டவே கூடாது. அவை இழுபடும்போது ஒயரையும் இழுக்கும், சில நேரம் ஒயர் அவற்றைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது உறை. வரிவரியாக, நீளவாக்கில் கீறல் விட்ட பிளாஸ்டிக் குழாய் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. ஒயரை அதற்குள் சொருகினால் உரசலைக் குழாய் வாங்கிக்கொள்ளும். சைலன்சர் ஓரம் என்றால் கண்ணாடி இழை உறை. டேப் சுற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஹார்னஸுக்கென்று விற்கிற துணி டேப். வீட்டு பிவிசி டேப் எஞ்சின் சூட்டில் பசை இளகி நகர்ந்துவிடும், உள்ளே போன தண்ணீரை வெளியேயும் விடாது. கிழிந்த குடையைப் பிடித்துக்கொண்டு மழையில் நிற்பது போல.

மூன்றாவது ஜாயிண்ட். இரண்டு முனையைத் திருகி டேப் சுற்றுவது ஜாயிண்ட் இல்லை, வேண்டுதல். அளவான கிரிம்ப், அதற்குரிய பிளையரால் அமுக்கி, மேலே உட்புறம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சுருக்கிவிட்டால் தண்ணீர் போகாது. கனெக்டரின் வாய் வானத்தைப் பார்க்கக் கூடாது. ஒயர் கனெக்டருக்குள் போகுமுன் கொஞ்சம் கீழே தொங்கி ஏற வேண்டும், வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

நாலாவது பிடிப்பு. ரப்பர் போட்ட உலோகக் கிளிப், அல்லது நல்ல கறுப்பு கேபிள் டை. வெள்ளை டை வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். கழுத்தை நெரிக்கிற மாதிரி இறுக்கக் கூடாது. கட்டி முடித்ததும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்த்து, எங்கேயும் இழுக்கவில்லை, மாட்டவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பேட்டரியிலிருந்து கிளம்புகிற ஒயருக்குப் பேட்டரி பக்கத்திலேயே ஃப்யூஸ். ஃப்யூஸ் போனால் அதே ஆம்பியருக்கு இன்னொரு ஃப்யூஸ். சிகரெட் அட்டையின் வெள்ளித்தாள் இல்லை!

கடைசியாக நிறம். கறுப்பு வெள்ளை ஒயர் அறுந்தால் கறுப்பு வெள்ளை ஒயரால் நீட்ட வேண்டும். கையில் கிடைத்த பச்சையால் நீட்டினால், அடுத்து வருகிற மெக்கானிக்குக் கண்ணைக் கட்டிவிட்டது போலத்தான்.

இதற்கெல்லாம் ஒரு வண்டிக்கு என்ன செலவாகும்? நானா பேட்டில் பொருள் வாங்கி ஒரு நாள் உட்கார்ந்தால் முடிந்தது. பொருளுக்கான காசு, சீசனில் ஒரு மதியத்துக்குள் அந்த ஒரு வண்டியே சம்பாதித்துக் கொடுத்துவிடும். ஆகவே "கட்டுப்படியாகாது" என்கிற பேச்சை நான் ஏற்க மாட்டேன்.

இப்போது வழக்கமாக வருகிற வாதங்கள்.

"பாவம் சார், அவங்க பொழப்பு." பொழப்புதான், மறுக்கவில்லை. அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆனால் நாம் கேட்காமல் காசு கொடுப்பதால்தான் அவனுடைய முதலாளி ஒயருக்குச் செலவு செய்ய வேண்டிய அவசியமே வரவில்லை. பத்துக் குடும்பம் "பட்டன் வேலை செய்யலேன்னா ஏற மாட்டோம்" என்று திரும்பிப் போனால் பதினொன்றாவது குடும்பம் வருமுன் ஒயர் மாட்டப்பட்டிருக்கும். நாம் கேட்பது அவன் பொழப்பைக் கெடுக்காது. ஒரு விபத்து நடந்தால்தான் அவன் பொழப்பு போகும். முதலாளி தப்பித்துக்கொள்வார், மாட்டப்போவது அந்தப் பையன்.

"நாமெல்லாம் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வளரலையா?" வளர்ந்தோம். அந்த சைக்கிளுக்கு எஞ்சின் இல்லை. அப்பா மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நிற்கும்.

"ரூல்ஸ் எல்லாம் வெளிநாட்டுக்கு." அங்கேயும் ரூல்ஸ் சும்மா வந்துவிடவில்லை. பிள்ளைகள் விழுந்து அடிபட்ட பிறகுதான் வந்தது. அமெரிக்காவில் அரசாங்கம் வழக்குப் போட்டு, மூன்று சக்கர ஏடிவி விற்பதைக் கம்பெனிகள் நிறுத்துகிற ஒப்பந்தம் 1988இல் உறுதியானது. அதுவரை தாமாகப் பின்பற்றிவந்த தரநிர்ணயத்தை 2008ஆம் வருஷச் சட்டம் கட்டாயமாக்கி, 2009இல் அமலுக்கு வந்தது. ஆறு வயசுக்கு ஒரு அளவு, பத்து வயசுக்கு ஒரு அளவு என்று வண்டியையே பிரித்து, ஆறு வயசுக்கான வண்டி மணிக்கு 15 மைலுக்கு, அதாவது சுமார் 24 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். ஒற்றை ஆளுக்கென்று செய்த வண்டியில் பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது. இங்கே அதே மாதிரி வண்டியில் அப்பா, முன்னால் சின்னவன், பின்னால் பெரியவள், ஹெல்மெட் மட்டும் ஹேண்டிலில் தொங்கும். செல்ஃபிக்கு மறைக்கிறதாம்.

"இதையெல்லாம் கேட்டா எப்படிங்க என்ஜாய் பண்றது?" இந்தக் கேள்விக்குத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாம் யார்? ஆபீசில் ஒரு சின்ன மாற்றம் போடுவதற்கு முன் நாலு பேர் டெஸ்ட் செய்து, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, தப்பானால் எப்படித் திரும்பப் போவது என்று திட்டம் எழுதி வைக்கிறவர்கள். ஸ்கூல் பஸ் எங்கே வருகிறது என்று மொபைலில் பார்க்கிறவர்கள். தண்ணீர் ஃபில்டரில் டிடிஎஸ் எத்தனை என்று கேட்கிறவர்கள். பிள்ளைக்கு வாங்குகிற பென்சில் பெயிண்டில் ஈயம் இருக்கிறதா என்று கூகுள் செய்கிறவர்கள். அந்த நாம், பெட்ரோல் எஞ்சின் மேல் பிள்ளையை உட்காரவைக்கும்போது, "இது நிற்குமா?" என்று ஒரு வார்த்தை கேட்கக் கூச்சப்படுகிறோம். மராத்தி வராது, இந்தி தடுமாறும், வெளியூர்க்காரன் என்று நினைத்துவிடுவார்கள், சண்டை என்று ஆகிவிடும், போகட்டும். இந்த "போகட்டும்" இருக்கிறதே, பிழைக்க வந்த ஊரில் நாம் முதலில் கற்றுக்கொள்கிற வார்த்தை அதுதான். ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய்க்குப் போகட்டும் என்று விடுங்கள், பரவாயில்லை. இதில் விடாதீர்கள்.

இன்னொரு வெட்கமும் இருக்கிறது, என் தொழில்காரர்களுக்கு. சாக்கன், பிம்பிரி, போசரி பக்கம் எத்தனை பேர் வண்டிக்கு ஒயர் வெட்டி, கிரிம்ப் அடித்து, ஒவ்வொரு ஜாயிண்டையும் இழுத்துப் பார்த்துச் சோதித்து அனுப்புகிறோம். அதில் நம்மூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர். ரெண்டு மணி நேர தூரத்தில் இருக்கிற மைதானத்தில் நம் குழந்தைகள் ஏறுகிற வண்டியில் முறுக்கிய செம்பும் வழிகிற டேப்பும். வேலை நேரத்தில் மட்டும்தான் தரம் என்றால் அது சம்பளத்துக்காகப் போட்ட வேஷம்.

சரி, உங்களுக்கு ஒயரைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டாம். காசு கொடுப்பதற்கு முன், ஆமாம், முன், இந்த ஐந்தை மட்டும் செய்யுங்கள்.

1. எஞ்சின் ஓடும்போது சிவப்பு பட்டனை அமுக்கச் சொல்லுங்கள். "பெஹ்லே யே லால் பட்டன் தபாகே திகாவோ" என்றால் போதும். எந்த ஊரிலும் புரியும்.

2. திரும்ப ஸ்டார்ட் செய்யச் சொல்லி, பின்னால் கயிறு இருந்தால் அதை நீங்களே இழுத்துப் பாருங்கள். அப்புறம் சாவி. மூன்றிலும் எஞ்சின் உடனே அணைய வேண்டும். சோக்கை இழுத்து அணைத்தால் அது கணக்கில் சேராது.

3. எஞ்சின் ஓட, வண்டி நிற்க, ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பச் சொல்லுங்கள். சத்தம் மாறினாலோ, எஞ்சின் தானாக ஏறினாலோ, அணைந்தாலோ ஏதோ ஒன்று எங்கேயோ இழுபடுகிறது. வேறு வண்டி கேளுங்கள்.

4. ஆக்ஸிலேட்டரை லேசாக அமுக்கி விட்டுப் பாருங்கள். டக்கென்று திரும்பி வர வேண்டும்.

5. குனிந்து பாருங்கள். ஹேண்டிலுக்குக் கீழே, சீட்டுக்குக் கீழே. செம்பு வெளியே தெரிகிறதா, டேப் உருண்டை தொங்குகிறதா, எதிலும் சேராத ஒயர் முனை இருக்கிறதா, சைலன்சர்மேல் ஒயர் படுத்திருக்கிறதா. ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

மொத்தம் ரெண்டு நிமிஷம். பிள்ளை கொஞ்சம் சிணுங்கும். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள், சரியாகிவிடும். வேண்டாம் என்று திரும்பும்போது சும்மா திரும்பாதீர்கள். ஏன் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். கத்த வேண்டாம், வீடியோ எடுத்து மிரட்ட வேண்டாம். "பட்டன் சரி பண்ணுங்க, அடுத்த தடவை வர்றோம்" என்றால் போதும். கடைக்காரருக்குப் புரிகிற ஒரே பாஷை திரும்பிப் போகிற காசு.

வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், எல்இடி லைட் மாட்டுகிறார்கள், பெரிய டயர் போடுகிறார்கள். கண்ணுக்குத் தெரிவதற்கெல்லாம் காசு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மீட்டர் ஒயருக்கும் அதன்மேல் போடுகிற உறைக்கும் காசு இல்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாம்தான், ஏறப்போகிறது நம் பிள்ளைகள். வருகிற லாங் வீக்கெண்டில் முதல் ஃபோட்டோ எடுப்பதற்கு முன் அந்த சிவப்பு பட்டனை ஒரு தடவை அமுக்குங்கள்.

டிஸ்கி: "அண்ணே, என் காருக்கு வெளியே ஹாரனும் ஃபாக் லைட்டும் மாட்டினேன், அதுவும் டேப்தான்" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: ஆமாம், அதுவும்தான். ரிலே, தனி ஃப்யூஸ், உறை, கிளிப். பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். எலி கடித்திருந்தால் அதற்கு டேப் மருந்தில்லை.